தொடர்மாடியும் லயமும்

போன மாதம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரியம்மாவுக்கு ஒரு வீட்டு விபரப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ‘வதிவிட வகை’ என்பதற்குக் கீழே மூன்று கட்டங்கள்: தனி வீடு, தொடர்மாடி வீடு, தற்காலிகக் குடில். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தைக் காணவில்லை. கொண்டுவந்தவரைக் கேட்டால், தொடர்மாடி என்பதுதான் லயமாம்; தமிழாக்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்களாம். பெரியம்மா பயந்துபோனார். “நம்மள மாடியில ஏத்தப் போறாங்களா தம்பி? அப்ப மரக்கறித் தோட்டம் என்னா ஆவுறது?” என்றார்.

செய்தியிலும் லயம் எரிந்தால் ‘தொடர்குடியிருப்பில் தீ’, கொழும்பில் ஃபிளாட் எரிந்தால் ‘தொடர்மாடியில் தீ’ என்று வருகிறது. பாதிக் காதில் கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலில் மாடி வீட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாட் என்பது வீட்டின் தளத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அபார்ட்மென்ட், பிரித்து ஒதுக்கிய பகுதி என்ற பொருளோடு இத்தாலியிலிருந்து பிரான்ஸ் வழியாக வந்தது. கொண்டோமினியம் லத்தீன், பலருக்குக் கூட்டான உடைமை. இலங்கையில் நம் சட்டத் தமிழில் இதைக் கூட்டாதனம் என்கிறார்கள், நல்ல சொல். ஒரே கட்டடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உறுதி (சொத்துப் பத்திரம்) எழுத 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது.

இனி தொடர்மாடி. தொடர் என்றால் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நீண்டு போவது. மலைத்தொடர், தொடர்வண்டி, தொடர்கதை எல்லாம் அப்படித்தான் போகின்றன. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுவதற்குத் தமிழில் அடுக்கு என்று பெயர். அடுக்குச் சட்டியை யாராவது தொடர்ச்சட்டி என்பார்களா? கொழும்பு, பொரளையில் 2001இல் எழுந்த சஹஸ்புர குடியிருப்பு 14 மாடி. தெமட்டகொடைப் பக்கம் அதற்குப் பிறகு வந்தவையும் வானத்தைப் பார்த்துத்தான் ஏறுகின்றன. அங்கே தொடருவது எது? மாடிக்கு மேல் மாடி அடுக்கியிருக்கிறது. அடுக்குமாடி என்ற சொல் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புழங்குகிறது. இங்கேயும் யாருக்கும் விளங்காமல் போகாது.

தொடர்மாடிக்கு வக்காலத்து வாங்குபவர்கள், பம்பலப்பிட்டி, மாளிகாவத்தை ஃபிளாட்டுகளைக் காட்டுவார்கள். நாலைந்து மாடிதான், ஆனால் கட்டடம் நீளம்; கதவுகள் வரிசையாக இருக்கும்; அதைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். இருக்கலாம். அந்தக் கட்டடங்களுக்கு அது பொருந்தியது என்றே வைத்துக்கொள்வோம். கட்டடத்தின் உருவம் மாறிய பிறகும் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிந்ததால்தான் அது மெல்ல நழுவி, மாடியே இல்லாத லயத்தின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘அடுக்ககம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் மாடி என்பது வாயில் இருக்கிற சொல், பழைய மாடத்தின் பக்கத்துச் சொந்தம்; அதை ஏன் வெட்டி எறிய வேண்டும்?

லயத்துக்கு வருவோம். லைன், லயன், லயம்: அவ்வளவுதான் அதன் வம்சம். குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று மேடையில் முழங்குகிறார்கள். வலி எனக்கும் புரிகிறது, ஆனால் சொல்லின் வழி அது அல்ல. தொழிலாளரையும் சிப்பாயையும் வரிசையாகக் குடிவைத்த இடத்தை வெள்ளைக்காரன் லைன் என்றான். தமிழ்நாட்டில் போலீஸ் லைன் என்ற தெருப்பெயர் இன்னும் இருக்கிறது. இசை லயத்தோடும் இதற்கு உறவில்லை.

பிறமொழிச் சொல்லாயிற்றே, தமிழாக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அறையைச் சொல்லும் காம்பரா போர்த்துக்கீசியம், முன் திண்ணையைச் சொல்லும் இஸ்தோப்பு ஒல்லாந்தம், லயம் ஆங்கிலம். மூன்றையும் எங்கள் சனம் 10க்கு 12 அடி அறைக்குள் வைத்துத் தமிழாக்கி முடித்துவிட்டது. லயம் என்றால் ஒரே கூரை, ஒரே சுவருக்கு இரண்டு குடும்பம், தோட்டத்துக்குச் சொந்தமான நிலம் என்று எல்லாமே அதற்குள் இருக்கிறது. ‘தொடர்மாடி’ இதையெல்லாம் துடைத்துவிடுகிறது. அடுக்குமாடிக்காரனுக்குக் கையில் உறுதி இருக்கலாம். லயத்தில் நான்கு தலைமுறை இருந்தவருக்கு அது இல்லை. 7 பேர்ச்சஸ் (நில அளவு) காணியும் தனி வீடும் கேட்டு நிற்கிறவர்களை, படிவத்தில் மாடி வீட்டுக்காரர் ஆக்கினால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்?

மொழிபெயர்ப்பவர்கள் கொழும்பில் மேசையில் இருந்து எழுதுகிறார்கள். அங்கே தோட்டம் என்றாலே வேறு பொருள். நெருக்கமான குடிசை வளவு. அதே சொல்லுக்கு இங்கே தேயிலைமலை. ஒரு முறை பஸ் ஏறி வந்து, லயத்து வாசலில் நின்று இதற்கு என்ன பெயர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சில தோட்டங்களில் இரண்டு தட்டாகக் கட்டியதும் உண்டு. அதற்கும் அகராதியைப் புரட்டாமலே சனம் மாடி லயம் என்று பெயர் வைத்தாயிற்று.

பெரியம்மாவின் படிவத்தில் மூன்று கட்டத்திலும் நான் புள்ளடி போடவில்லை. அவர் வீடு லயத்தின் கடைசித் தொங்கலில் இருக்கிறது. ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: லயம், தொங்கல் வீடு.