டிரஸ்டி: அறங்காவலரா, நம்பிக்கைப் பொறுப்பாளரா?

என் மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். கம்பெனியின் பி.எஃப். டிரஸ்டில் தொழிலாளர் தரப்பு டிரஸ்டியாகவும் இருந்தார். மினிட்ஸ் புத்தகம் அவருடைய மெஷினுக்கே வரும். தீர்மானம் முன்பே டைப் ஆகியிருக்கும். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கை எண்ணெயைக் கழிவுப் பஞ்சில் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுப்பார். “டிரஸ்டின்னா யாரு மாமா?” என்று கேட்டதற்கு, “கோயில் தர்மகர்த்தா மாதிரிடா” என்றார்.

தர்மகர்த்தா வடசொல். அதற்கு ஈடாக அறநிலையத் துறை ஆணைகளில் நிலைத்துவிட்ட தமிழ் ‘அறங்காவலர்’. கோயிலுக்கு அழகாகப் பொருந்துகிறது. அதையே தொழிலாளர் வைப்பு நிதிக்கும் கொண்டுபோய், ‘மத்திய அறங்காவலர் வாரியம்’ என்று எழுதுகிறோம். எனக்கு நெருடுவது இங்கேதான். அறம் என்றால் நம் காதில் கொடை என்று விழுகிறது. ஓய்வூதிய நிதியில் கொடைக்கு என்ன வேலை? ஓய்வு, ஊதியம் என்று அந்தச் சொல்லே பிரித்துச் சொல்கிறதே: உழைத்தவருக்குப் பின்னால் தருவதாக எடுத்துவைத்த சம்பளம் அது.

‘டிரஸ்ட்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, பொருள், நம்பிக்கை. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி சொத்து ஒருவர் பெயரில், பயன் இன்னொருவருக்கு. சொத்தைக் கையில் வைத்திருப்பவர் அதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 51ஆம் பிரிவு. மீறினால் வரும் குற்றத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் தமிழிலேயே ‘நம்பிக்கை மோசடி’ என்று பெயர் இருக்கிறது. போர்ட் டிரஸ்டைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் என்று எழுதிய ஊர் சென்னை. நம்பிக்கையும் பொறுப்பும் இப்படி நம்மிடமே இருக்க, இரண்டையும் சேர்த்து ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்’ என்று இலங்கைத் தமிழர் எப்போதோ எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு அதுவே சரியான சொல்.

பிரிட்டனில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு: தொழில்முறை நம்பிக்கைப் பொறுப்பாளர்கள். 1991இல் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பிறகுதான், அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து கோடிக்கணக்கான பவுண்டு போயிருந்தது தெரிந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்காவது திட்டத்தின் உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்க வேண்டும் என்றது. இப்போது சில ஓய்வூதியத் திட்டங்களில் பொறுப்பாளர் குழுவே கிடையாது. கட்டணம் வாங்கும் ஒரே நிறுவனம்தான் முழுப் பொறுப்பும். கணக்கு தெரிந்தவர்கள், விதி தெரிந்தவர்கள், சரி. ஆனால் அமர்த்துவதும் விலக்குவதும் பெரும்பாலும் முதலாளி கையில். அதே நிறுவனம் அந்தத் திட்டத்துக்கே வேறு சேவைகளையும் விற்றால் அங்கே வருவது ‘நலமுரண்’: உறுப்பினர் நலன் ஒரு பக்கம், தன் லாபம் மறுபக்கம்.

ஆகவே ‘இண்டிபெண்டன்ட் டிரஸ்டி’க்குச் ‘சுதந்திரப் பொறுப்பாளர்’ என்று எழுதாதீர்கள். சுயேச்சை தேர்தல் வேட்பாளருக்கு இருக்கட்டும். இங்கே வேண்டியது ‘சார்பற்ற’. யாரைச் சாராதவர் என்ற கேள்வியை அந்தச் சொல் கூடவே எழுப்பும். நம் ஊரில், பி.எஃப். பணத்தை அரசின் நிதியில் கட்டாமல் தாங்களே நிர்வகிக்க விலக்குப் பெற்ற நிறுவனங்களின் டிரஸ்டில் தொழிலாளர் தரப்புக்குச் சரிபாதி இடம் உண்டு. மாமாவும் அந்தப் பாதியில்தான் இருந்தார். சம்பளம் தரும் கை நீட்டிய புத்தகத்தில் அவரால் என்ன எழுதியிருக்க முடியும்?

வாக்கியத்தில்: ‘நிதியை முதலாளியின் இன்னொரு கம்பெனியில் போடச் சொன்ன தீர்மானத்தில், சார்பற்ற நம்பிக்கைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட மறுத்தார்.’