வகுப்பில் யூடியூப் வீடியோ போடலாமா? சட்டம் எதுவரை அனுமதிக்கிறது

இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வரைந்து அம்புக்குறி போட்டு விளக்குவதைவிட, இரத்தம் உள்ளே போய் வெளியே வருகிற இரண்டு நிமிட வீடியோவைக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். இதை இப்போது பெரும்பாலான ஆசிரியர்கள் செய்கிறார்கள். கூடவே ஒரு பயமும் இருக்கிறது: அடுத்தவர் எடுத்த வீடியோ ஆயிற்றே, காப்பிரைட் என்று யாராவது கிளம்பினால்? வகுப்புக்குள் காட்டுவதற்கு அந்தப் பயம் வேண்டாம். அதே பாடத்தைப் படம்பிடித்துப் பொதுவெளியில் ஏற்றும்போதுதான் கவனம் வேண்டும்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, எதெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் ஆசிரியர்களுக்கு வேண்டியவை இரண்டு. 52(1)(i): பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுக்கலாம். வினாத்தாளில் ஒரு பத்தியைச் சேர்ப்பதும் இதில் அடங்கும். 52(1)(j): கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளுக்காகத் திரைப்படமோ ஒலிப்பதிவோ போட்டுக் காட்டலாம். ஆனால் பார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர் அல்லது பாதுகாவலர், பள்ளியின் பணிகளோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோராக மட்டுமே இருக்க வேண்டும். ஊருக்கே கதவைத் திறந்துவிட்டு மைதானத்தில் படம் போட்டால் இந்தச் சலுகை பொருந்தாது.

‘பாடம் நடத்தும் போக்கில்’ என்றால் மணி அடித்து மணி அடிக்கும் வரை உள்ள அந்த நாற்பது நிமிடம் மட்டுமா? இந்தக் கேள்வி டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் உள்ள புத்தகங்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதியும் டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் சொன்னதன் சாரம் இதுதான்: பாடம் நடத்துவது வகுப்பறை விரிவுரையோடு முடிந்துவிடுவதில்லை, அதற்கு முன்னும் பின்னும் மாணவர் படிப்பதும் அதில் சேரும். கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவுதானா என்பதே அளவுகோல். 2017இல் பதிப்பகங்கள் வழக்கை விலக்கிக்கொண்டன. அது அச்சுப் புத்தகங்களைப் பற்றிய வழக்குதான். ஆனாலும் 52(1)(i) ‘எந்தப் படைப்பையும்’ என்று பொதுவாகச் சொல்வதால், பாடத்துக்குத் தேவையான ஒரு வீடியோத் துணுக்கை ஆசிரியர் பயன்படுத்துவதற்கும் அதே தர்க்கம் பொருந்தும் என்பது என் கருத்து.

சட்டம் வேறு, யூடியூபின் நிபந்தனைகள் வேறு. யூடியூபிலேயே ஓடவிட்டுக் காட்டுவதில் சிக்கல் இல்லை. வேறு செயலி வைத்து இறக்கிக்கொள்வதை அதன் நிபந்தனைகள் அனுமதிப்பதில்லை. இணையத்திலிருந்து நேரடியாக ஓடவிடும்போது ‘ஆட்டோபிளே’யை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாடம் முடிந்து நீங்கள் மவுஸைத் தொடுவதற்குள் சம்பந்தமே இல்லாத அடுத்த வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் வகுப்பைத் திரும்ப ஒரு நிலைக்குக் கொண்டுவருவது உங்கள் பாடு.

நெட் சரியில்லாத பள்ளிகளுக்கு மத்திய அரசின் திக்‌ஷா செயலி தோது. தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யலாம். கேமரா மக்கர் செய்தால் குறியீட்டோடு அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்தாலும் போதும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் செயலிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொண்டு வகுப்பில் காட்டலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் அதன் யூடியூப் பக்கத்தில் கிடைக்கின்றன. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் உண்டு.

சரி, உங்கள் பாடத்தை நீங்களே வீடியோவாக எடுத்து யூடியூபில் போடுகிறீர்கள். நடுவில் ஒரு சினிமாப் பாட்டு, ஓர் ஆவணப்படத்தின் மூன்று நிமிடம். இப்போது பார்ப்பவர்கள் உங்கள் மாணவர்கள் மட்டும் இல்லை, உலகமே பார்க்கலாம். 52(1)(j) இங்கே கைகொடுக்காது. ‘கல்விக்காக மட்டும்’ என்று கீழே எழுதிவைப்பதால் எந்தப் பாதுகாப்பும் வந்துவிடாது. உரிமையாளர் புகார் செய்தால் வீடியோ நீக்கப்பட்டு உங்கள் சேனலுக்கு ‘ஸ்ட்ரைக்’ என்ற எச்சரிக்கை விழும். 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படம், இசையை எடுத்து, அதை உருவாக்கியவர் பெயரைப் போட்டுவிடுவது நல்லது. யூடியூபின் தேடல் வடிகட்டியிலேயே அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம், வீடியோவில் தெரியும் பிள்ளைகளின் முகம். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாள (முகம் தெரியும் வீடியோவும் தரவுதான்), சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். பள்ளியின் கற்பித்தல், மாணவர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான கண்காணிப்புக்கு விதிகளில் விலக்கு உண்டு. ஃபேஸ்புக்கில் ரீல்ஸ் போடுவதை அந்த விலக்குக்குள் அடக்க முடியாது. சேர்க்கையின்போது பொத்தாம்பொதுவாக ஒரு கையெழுத்து வாங்கி வைப்பதைவிட, எந்த வீடியோ, எங்கே போடப்போகிறோம் என்று சொல்லிக் கேட்பதே முறை.

வாசிக்கத் திணறும் பிள்ளையைப் படம்பிடித்து, சிரிப்பு இசையோடு போடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தையை மனதளவில் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. பெற்றோர் ஒப்புதல் தந்திருந்தாலும் இதற்கு அது விலக்கு ஆகாது.

வீட்டுப்பாடத்துக்கு வாட்ஸ்அப் குழு வைத்தால் பெற்றோர் எண்ணையே சேருங்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுமே 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தாங்களாகவே கணக்கு தொடங்க அனுமதிப்பதில்லை; ஆறாம் வகுப்புப் பிள்ளையை இன்ஸ்டாவில் பதிவிட்டு வரச் சொல்வதற்கு இடமே இல்லை.