விப்ராட்டோ: அதிர்வா, நடுக்கமா, அலைவா?

நீட்டிப் பாடும் சுரம் ஆடாமல் நிற்பதற்குப் பதிலாக, தன் இடத்தை ஒட்டியே சற்று மேலும் கீழும் சீராகப் போய்வருவதை விப்ராட்டோ என்கிறார்கள். இத்தாலியச் சொல். 'வைப்ரேட்டோ' என்று சொல்பவர்களும் உண்டு. இத்தாலியர் வாயில் அது 'வி'தான்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'விப்ராரே' என்றால் வேகமாக ஆட்டுவது; ஈட்டியை ஓங்கி அசைப்பதற்கும் அதே வினைதான். கைபேசி 'வைப்ரேட்' ஆகிறது என்கிறோமே, அதுவும் இந்த வேரில் கிளைத்ததே.

அதனால்தானோ என்னவோ, பலரும் சட்டென்று 'அதிர்வு' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. குரலே அதிர்வுதானே! 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாடும்போது குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை அதிர்கின்றன. விப்ராட்டோவோ நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 முறைதான். அந்த வேகமான அதிர்வின் மேல் நிதானமாகத் தவழும் இன்னோர் அசைவு இது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் எதைப் பழகுகிறோம் என்பதே புரியாது.

'நடுக்கம்' இன்னும் மோசம். அது பயத்திலும் குளிரிலும் வருவது. பழகுபவரிடம் 'குரலை நடுக்கு' என்று சொல்லிப் பாருங்கள்: தாடையை ஆட்டுவார், இல்லையென்றால் வயிற்றை உதறுவார். வயிற்றை உதறினால் பெரிதும் ஏறி இறங்குவது ஒலியின் அளவு. அதற்கு ட்ரெமலோ என்று தனிப் பெயரே உண்டு. அதன் லத்தீன் வேருக்கு நடுங்குதல் என்றுதான் பொருள். ஆக, நடுக்கத்தை ட்ரெமலோவுக்கே விட்டுவிடலாம். மேற்கிலும் இந்தக் குழப்பம் இல்லாமல் இல்லை. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், சுரத்தை அசைக்கும் பிடிக்கு 'ட்ரெமலோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து அழகூட்டும் கமக வகைகளில், சுரத்தை ஆட்டிப் பாடும் கம்பிதம் இதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் கம்பிதத்தின் வீச்சையும் வேகத்தையும் ராகம் தீர்மானிக்கும். பாடுபவர் அதை நினைத்துச் செய்கிறார். விப்ராட்டோவின் வீச்சு பெரும்பாலும் அரைச்சுரத்துக்கு (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) உள்ளேயே அடங்கிவிடும், எந்தச் சுரத்தில் நின்றாலும் ஒரே மாதிரி ஓடும்.

என் தேர்வு 'அலைவு'. ஊசல் ஒரு நடுநிலையின் இருபுறமும் சீராகப் போய்வருவதை இயற்பியல் பாடத்தில் அலைவு என்றுதானே படித்தோம்? குரலில் நடப்பதும் அதுவே. குரலலைவு என்று சேர்த்துச் சொன்னால் எதைச் சொல்கிறோம் என்பதில் ஐயமே இருக்காது.

பழகும் வழியும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நடுநிலை இல்லாமல் ஊசல் இல்லை. எனவே முதலில் ஒரே சுரத்தை, மூச்சைச் சீராக விட்டு, ஆடாமல் பிடிக்கப் பழக வேண்டும். அப்புறம் அரைச்சுர இடைவெளியுள்ள இரண்டு சுரங்களுக்கு நடுவே மெதுவாகப் போய்வரலாம்: சீராகத் தட்டிக்காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு 2 முறை, பிறகு 3, பிறகு 4. இந்தப் பயிற்சியே அலைவு அல்ல. தசைகளுக்கு அந்த அசைவைப் பழக்குவது, அவ்வளவுதான். நாக்கும் தொண்டையும் இறுக்கம் விட்டுத் தளரும்போது அது தானாக வரத் தொடங்கும். சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். அவசரப்பட்டுத் தள்ளினால் நடுக்கமே மிஞ்சும்.

வந்தது அலைவுதானா என்று பார்க்க, பாடும்போது ஒரு விரலைத் தாடையிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். இரண்டும் ஆடாமல், சுரம் மட்டும் அசைந்தால் சரி.