வெஞ்சுரியும் தாரை எக்கியும்

விமான எஞ்சினைக் குளிர்விப்பது பற்றிப் பேசும்போது வெஞ்சுரி, ஜெட் பம்ப் (தாரை எக்கி) இரண்டையும் ஒரே பொருளில் கலந்து சொல்லிவிடுகிறோம். இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல.

வெஞ்சுரி ஓர் ஆளின் பெயர். ஜொவான்னி பத்திஸ்தா வெந்தூரி (1746–1822) இத்தாலிய இயற்பியலாளர். ஆங்கிலம் வழியாக வந்ததால் நம்மிடம் 'வெஞ்சுரி' ஆகிவிட்டார். நடுவில் சிறுத்த குழாய்க்கு அவர் பெயரைச் சூட்டியவர் கிளெமென்ஸ் ஹெர்ஷல் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1880களில் நீரோட்டத்தை அளக்க அத்தகைய குழாயைச் செய்தார். சிறுத்த இடத்தில் ஓட்டம் வேகமெடுக்கும், அழுத்தம் இறங்கும். பைக் கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுவது இப்படித்தான்.

ஜெட் பம்பில் ஓட்டம் இரண்டு. சீறிப் பாயும் ஒன்று, பக்கத்தில் சும்மா இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் கேஸ் அடுப்பிலேயே இது இருக்கிறது. குமிழுக்குப் பின்னால் ஊசித்துளை போட்ட பித்தளை முனை, எதிரே பர்னர் குழாயின் வாய், இடையில் காற்றுக்கு ஒரு திறப்பு. முனையிலிருந்து சீறும் வாயு அந்தக் காற்றையும் சேர்த்து இழுத்துப் போகிறது. திறப்பு அடைத்துக்கொண்டால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

வெந்தூரி 1797இல் பாரிசில் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே, பாய்மங்களில் (நீர், காற்று போன்றவற்றில்) இயக்கம் பக்கவாட்டில் கடத்தப்படுவதைப் பற்றியது. ஜெட் பம்ப் செய்வதும் அதுதான்! பெயர் மட்டும் சிறுத்த குழாயோடு ஒட்டிக்கொண்டது.

சரி, விமானத்துக்கு வருவோம். காற்றால் குளிரும் பிஸ்டன் எஞ்சினுக்குத் தரையில் ஊரும்போதும் மேலேறும்போதும்தான் சிக்கல்: எதிர்க்காற்று குறைவு. 1947இல் பறக்கத் தொடங்கிய கான்வேர் 240 என்ற பயணிகள் விமானத்தில், புகைக்குழாயின் முனையை அதைவிட அகன்ற குழாய்க்குள் விட்டார்கள். சீறும் புகை, எஞ்சின் கூட்டுக்குள் இருந்த சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அந்த இடத்துக்கு முன்பக்கத்திலிருந்து புதுக்காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டுத் துடுப்புகளைத் தடவியபடி வரும். கொஞ்சம் உந்துவிசையும் கூடுதலாகக் கிடைத்தது.

தமிழில்? ஜெட் என்பது தாரை, பம்ப் என்பது எக்கி. ஆகவே தாரை எக்கி. 'வயிற்றை எக்கு' என்று சொல்கிறோமே, அந்த எக்குதான். உள்ளிழுக்கும் வேலை சொல்லிலேயே இருப்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த சொல். மற்றதை ஆள்பெயராகவே விட்டு, 'வெந்தூரிக் குழாய்' என்பேன். அதன் சிறுத்த பகுதிக்கு 'மிடறு' (தொண்டை) பொருந்தும். கான்வேரின் அகன்ற குழாயை 'இழுகுழல்' என்று சொல்லலாம்.