ஓவர்ஃப்ளோ: வழிகிறதா, சுற்றுகிறதா?

பினாங்கில் பழைய ‘கப்சாய்’ (சிறிய மோட்டார் சைக்கிள்) வைத்திருப்பவரிடம், இது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். “மீட்டர் எப்பவோ ஒரு சுத்து வந்துருச்சு” என்பார். 99999-க்கு அடுத்து 00000. கணினி நேரத்தில் ‘ஓவர்ஃப்ளோ’ என்பதும் ஏறக்குறைய இதுதான்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் வெள்ளம்: கரைக்கு மேலே ஓடும் நீர். கணக்கின் விடை, அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காதபோது அதையே கணினிக்கும் சொன்னார்கள். மலாயில் ‘லிம்பாஹான்’, அதுவும் நீர்தான். தமிழில் ‘வழிதல்’, ‘வழிவு’ என்று எழுதுகிறோம். எனக்கு இதில் ஒரு நெருடல். பொங்கல் பானை வழிந்தாலும் நிறைந்தேதான் நிற்கும். கணினியின் நேர எண் நிற்பதில்லை, பின்னுக்குப் போய்விடுகிறது.

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. கூட்டல், கழித்தல் குறியுள்ள 32 பிட் (0, 1 என்ற 32 இலக்கங்கள் கொண்ட) எண்ணில் 2,147,483,647 வரைதான் கொள்ளும். அது நிறைவது 2038 ஜனவரி 19, மலேசிய நேரம் காலை 11:14:07-க்கு. (தைப்பூசத்தை ஒட்டிய வாரம், காவடி கட்டும் மும்முரத்தில் யார் கவனிப்பார்கள்!) அடுத்த நொடி எண் கழித்தல் குறிக்கு மாறும், தேதி 1901 டிசம்பருக்குத் தாவும். இதற்காகவே, அந்த மரபின் இயங்குதளங்களான ஓபன்பிஎஸ்டி 2014-இலும், லினக்ஸ் 32 பிட் கணினிகளுக்காக 2020-இல் வந்த 5.6 பதிப்பிலும் 64 பிட் நேரத்துக்கு மாறின.

இடத்தைப் பெரிதாக்குவது ஒரு வழி. லினக்ஸ் கருவகத்தில் (இயங்குதளத்தின் மையப் பகுதியான ‘கெர்னல்’) இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. கணினியை இயக்கியதிலிருந்து கடிகாரத் துடிப்புகளை எண்ணும் ‘ஜிஃபிஸ்’ என்ற எண்ணி உண்டு. நொடிக்கு 1,000 துடிப்பு என்றால் 32 பிட்டில் அது 49.7 நாளில் சுற்றும். விண்டோஸ் 95 உறைந்துபோனதும் இதே 49.7 நாளில்தான், அது மில்லிநொடிகளை எண்ணியது. ஐம்பது நாள் காத்திருந்து சோதிக்க யாருக்குப் பொறுமை? அதனால் லினக்ஸ் அந்த எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. சுற்றுவதற்கு 5 நிமிடம் இருக்கும்போது தொடங்குகிறது. தவறான நிரல் உடனே மாட்டிக்கொள்ளும். சரியான நிரலோ எந்த எண் பெரியது என்று கேட்காது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் குறியைப் பார்க்கும்.

பொதுக் கணக்குக்கு ‘வழிவு’ இருக்கட்டும். நேர எண்ணிகளுக்கு என் தேர்வு ‘எண்சுற்று’. “இந்தக் கருவியின் கடிகாரம் 2038-இல் சுற்றிவிடும்” என்றால் பட்டறைக்காரருக்கும் புரியும்.