சவுக்குத் தோப்புக்குள் ஓர் எக்ஸ்ரே

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கைரோபிராக்டிக் சிகிச்சை நிலையம் தொடங்கவிருக்கும் வாசகர் ஒருவர் மூன்று கொட்டேஷன்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மூன்றிலும் ‘டிஜிட்டல் எக்ஸ்ரே’ என்றுதான் போட்டிருக்கிறது, விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது, எதை வாங்குவது சார் என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் கட்டுரையாகவே எழுதிவிட்டேன்.

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் திருப்பியும் வலியைக் குறைக்க முயலும் முறை. அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் என்பவர் அதைத் தொடங்கியது 1895 செப்டம்பரில். ஜெர்மனியில் ராண்ட்ஜென் எக்ஸ்கதிரைக் கண்டது அதே ஆண்டு நவம்பர் 8-இல். பாமரின் மகன் பி.ஜே. பாமர் 1910-இல் தங்கள் கல்லூரிக்கு எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்தார். இந்தத் தொழிலுக்கும் எக்ஸ்ரேவுக்கும் அவ்வளவு பழைய உறவு.

எக்ஸ்கதிர் பிறக்கும் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சூடான இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் டங்ஸ்டனில் போய் மோதுகின்றன, கதிர் வருகிறது. எலும்பிலுள்ள கால்சியம் அதை நிறைய விழுங்கும், தசை விட்டுவிடும், பின்னால் நிழல் விழும். நிழல் விழும் இந்த விதத்தில் ராண்ட்ஜென் காலத்திலிருந்து பெரிய மாற்றமில்லை. அதிகம் மாறியது நிழலைப் பிடிக்கும் திரை. அந்த மூன்று கொட்டேஷன்களின் விலை வித்தியாசமும் பெரும்பாலும் அந்தத் திரையில்தான் இருக்கிறது.

முதல் கொட்டேஷன் சி.ஆர்., அதாவது கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி. பழைய ஃபிலிம் கேசட்டைப் போலவே இருக்கும், உள்ளே ஃபிலிமுக்குப் பதில் ஒரு பாஸ்பர் தகடு. கதிர் பட்டதைத் தகடு தேக்கி வைத்துக்கொள்ளும். ரீடரில் செருகினால் சிவப்பு லேசர் அதை எழுப்பிவிட, தேக்கியதை நீல ஒளியாகக் கக்கும். மற்ற இரண்டும் டி.ஆர்., அதாவது ஃபிளாட் பேனல். பட்டனை அழுத்திய சில நொடிகளில் படம் மானிட்டரில் வந்துவிடும். அப்படியென்றால் இரண்டு டி.ஆர். பேனல்களுக்கு நடுவே ஏன் இத்தனை விலை வித்தியாசம்? இரண்டாவது கொட்டேஷனில் காடோலினியம் ஆக்சிசல்ஃபைடு, மூன்றாவதில் சீசியம் அயோடைடு. விற்பவர்கள் முன்னதை ‘காடாக்ஸ்’ என்றும் பின்னதைச் ‘சீசியம்’ என்றும் சுருக்கிச் சொல்வார்கள்.

பேனலின் அடியில் இருப்பது, எல்சிடி டிவியில் இருப்பது போன்ற மெல்லிய சிலிக்கான் பரப்பு. அதில் சுமார் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்தில் லட்சக்கணக்கான பிக்சல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒளி டயோடு. அந்த டயோடுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளி புரியும், எக்ஸ்கதிர் புரியாது. அவ்வளவு மெல்லிய சிலிக்கானை எக்ஸ்கதிர் ஊடுருவிப் போய்விடும். ஆகவே மேலே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எக்ஸ்கதிரை விழுங்கி ஒளியாகத் தரும் ஒரு படலம்.

இந்த இடத்தில்தான் இக்கட்டு. படலம் தடிமனாக இருந்தால் கதிர் வீணாகாது, நோயாளிக்குக் குறைந்த கதிரே போதும். ஆனால் தடிமன் கூடக் கூட, உள்ளே பிறந்த ஒளி பக்கவாட்டில் பரவி, படம் மங்கும். மரக்காணம் உப்பளத்தில் உப்புக் குவியலுக்குள் செல்போன் டார்ச்சை அழுத்திவைத்துப் பாருங்கள். ஒளி ஒரு புள்ளியில் நிற்காமல் சுற்று வட்டாரமெல்லாம் மினுங்கும். காடாக்ஸ் படலம் அப்படித்தான், அது தூள். அதனால் அதை ஓரளவுக்குமேல் தடிமனாக்க முடியாது.

சீசியம் அயோடைடும் ஓர் உப்புதான், நம் சோற்றுப்பின் நெருங்கிய சொந்தம். ஆனால் பேனலுக்குள் அது தூளாக இல்லை, தோப்பாக நிற்கிறது!

வெற்றிடக் கலத்தில் அந்த உப்பைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். ஆவி தகட்டின்மேல் படிகிறது. முதலில் சின்னச் சின்ன மேடுகள் உண்டாகும். மேட்டின் நிழல் விழும் பள்ளத்துக்கு ஆவி சரியாக எட்டாது. ஆக, உயர்ந்தது மேலும் உயர்கிறது, பள்ளம் இடைவெளியாகவே நின்றுவிடுகிறது. கடைசியில் பார்த்தால் தகடு முழுக்க ஊசி ஊசியாகப் படிகங்கள், ஒன்றையொன்று ஒட்டியும் ஒட்டாமலும் செங்குத்தாக நிற்கும். அச்சு வைத்து யாரும் வார்க்கவில்லை, தானாக வளர்ந்தது. கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் வழியில் சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கி நட்டால் சவுக்கு பக்கக் கிளை பரப்பாமல் வெளிச்சத்துக்காக நேரே மேலேறும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த சீசியம் படலத்தின் படத்தை முதல்முறை பார்த்தபோது எனக்கு அந்தத் தோப்புதான் ஞாபகம் வந்தது. அளவும் பொருந்துகிறது. ஊசியின் குறுக்களவு 10 மைக்ரான், உயரம் 600 மைக்ரான் என்று வையுங்கள், உயரம் தடிமனைப் போல 60 மடங்கு. அரையடித் தடிமனில் 30 அடி ஓங்கிய சவுக்கு மரமும் அதே கணக்குதான்.

இப்போது ஓர் எக்ஸ்கதிர்த் துகள் ஓர் ஊசிக்குள் விழுந்து மடிகிறது. 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் என்றால் சுமார் 3,000 ஒளித்துகள்கள் அங்கேயே பிறக்கும். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல உப்பில் தாலியம் என்ற உலோகம் கொஞ்சம் கலந்திருப்பதால், அந்த ஒளி பச்சையாக வரும். சிலிக்கான் டயோடு மிக நன்றாக உணரும் நிறம் அது. ஊசியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.79, வெளியே காற்றுக்கு 1. ஆக, ஊசியின் சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 34 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி வெளியேற முடியாது, முழு அகப் பிரதிபலிப்பு. மீன் தொட்டியின் மேற்பரப்பைக் கீழிருந்து பார்த்தால் கண்ணாடியாகத் தெரிகிறதே, அதே விதி. ஒளி சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே அடியிலிருக்கும் பிக்சலுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலே ஏறக்குறைய 200 ஊசிகள். கொஞ்சம் ஒளி பக்கத்து ஊசிக்குத் தப்பத்தான் செய்யும், ஆனாலும் தூளில் பரவுவதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். தடிமனும் வேண்டும், கூர்மையும் வேண்டும் என்ற ஆசை இங்கே நிறைவேறிவிடுகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைப் பிடுங்கும் அளவுக்குக் கதிருக்கு ஆற்றல் வந்ததும், விழுங்கும் திறன் ஒரே தாவாகத் தாவும். அயோடினுக்கு அந்த வாசல் 33, சீசியத்துக்கு 36 கிலோ எலக்ட்ரான்வோல்ட். மருத்துவ எக்ஸ்கதிரின் பெரும்பகுதி அதை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும்தான் வருகிறது. இயற்கை நமக்காகவே எடுத்துவைத்த உப்பு என்று நினைத்தாலும் தப்பில்லை.

சரி, முதுகெலும்புக்கு வருவோம். இவர்களுக்கு மிகவும் கஷ்டமான படம் லம்பார் லேட்டரல், இடுப்பைப் பக்கவாட்டில் எடுப்பது. உடம்பின் மிகத் தடிமனான இடம் அது, கதிரில் மிகச் சிறு பங்குதான் மறுபக்கம் வரும். மார்புப் படத்தைவிட இடுப்புப் படத்துக்குக் கதிரளவு பத்து மடங்குக்கும் மேல். சுமார் 1.5 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையிலிருந்து நமக்கு ஓராண்டில் வருவதில் பாதிக்கு மேல். அதனால் மறுபக்கம் வந்துசேரும் ஒவ்வொரு துகளும் முக்கியம். பேனலின் விவரத்தாளில் டி.க்யூ.இ. என்ற எண்ணைக் கேளுங்கள். வந்த தகவலில் எத்தனை சதவீதம் படத்தில் தங்குகிறது என்பதை அது சொல்லும். சீசியத்தில் பொதுவாக 60-க்கு மேல் இருக்கும், காடாக்ஸிலும் சி.ஆரிலும் அதைவிட நன்றாகவே குறைவு.

பேனலுக்கே காசையெல்லாம் கொட்டிவிட்டு 100 எம்.ஏ. (மில்லிஆம்பியர்) மின்னோட்டமே தரும் போர்ட்டபிளை வாங்கிவிடாதீர்கள். அதில் பருத்த உடம்புக்கு எக்ஸ்போஷர் நீளும், அதற்குள் நோயாளி மூச்சு விட்டுவிடுவார், படம் கலங்கிவிடும். என் அம்மாவின் இடுப்பை ஒரு சிறிய நிலையத்தில் இப்படித்தான் மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவதும் தெளிவாக இல்லை. கதிரை வாங்கியதுதான் மிச்சம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஹை ஃப்ரீக்வன்சி ஜெனரேட்டர், நிற்கவைத்து எடுக்கும் ஸ்டாண்டு, சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட், முழு முதுகுக்குப் படங்களை ஒட்டும் ஸ்டிச்சிங் மென்பொருள், இவையெல்லாம் பட்டியலில் வேண்டும். அப்புறம், சீசியம் உப்பு ஈரம் இழுக்கும். பேனலை மூடி முத்திரையிட்டுத்தான் அனுப்புகிறார்கள், ஆனாலும் கீழே போட்டு ஓரம் விரிந்துவிட்டால் நம் கடற்கரைக் காற்று சும்மா விடாது. ஏசி அறையிலேயே வையுங்கள், தரையோடு தரையாக வேண்டாம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வகை ஒப்புதல் பெற்றதா என்று பாருங்கள். இயக்குவதற்கு வாரியத்தின் இ-லோரா தளத்தில் உரிமம் எடுக்க வேண்டும், பழைய மெஷின் வாங்கினாலும் இதே விதிதான்.

எக்ஸ்கதிர் உடம்பிலேயே தங்கிவிடும் என்று பயப்படுகிறவர்களை ஊரில் நிறையப் பார்க்கிறேன். தங்காது, விளக்கை அணைத்தால் வெளிச்சம் மிஞ்சுகிறதா? எனக்குக் கவலை தருவது எதிர்ப்பக்கத்து நம்பிக்கைதான். வலி என்று வந்த எல்லாருக்கும் ஒரு படம் எடுத்து, அதில் கோடு போட்டு, எலும்பு நகர்ந்திருக்கிறது என்று காட்டினால் நோயாளி நம்பிவிடுவார். ஆனால் சாதாரண இடுப்பு வலிக்கான காரணம் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017-இல், அபாய அறிகுறி இல்லாத புதிய இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. விழுந்து அடிபட்டவர், புற்றுநோய் வந்து போனவர், காய்ச்சலோடு முதுகுவலி உள்ளவர் என்றால் உடனே எடுக்கத்தான் வேண்டும்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இதே தாலியம் கலந்த சீசியம் அயோடைடைப் பெரிய ஒற்றைப் படிகமாக வளர்க்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள், அறிவு இருக்கிறது. அந்த ஊசித் தோப்பை இங்கேயே வளர்க்கப் பத்து வருடம் பொறுமையாகப் பணம் போட வேண்டும். படிகம் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கும் காசு வீண் என்று நினைக்கும் மனநிலை எனக்கு உடன்பாடில்லை.

மஞ்சக்குப்பத்து நண்பருக்கு என் பதில் இதுதான். வாரத்துக்கு நாலைந்து பேருக்குத்தான் படம் தேவைப்படும் என்றால் எதையும் வாங்காமல், நல்ல சீசியம் பேனல் வைத்திருக்கும் பக்கத்து நிலையத்துக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் என்றால் மூன்றாவது கொட்டேஷன். கையெழுத்துப் போடும் முன், அதே மாடல் ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நேரில் போய், பருமனான ஒருவருக்கு ஏற்கெனவே எடுத்த லம்பார் லேட்டரலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது இடுப்பு எலும்புக்கும் அதன் கீழுள்ள முக்கோண எலும்பான திரிகத்துக்கும் நடுவே இடைவெளி தெளிவாகத் தெரிகிறதா, படத்தின் ஓரத்தில் கே.வி.யும் எம்.ஏ.எஸ்.ஸும் (கதிரின் வீரியமும் அளவும்) எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வந்து எனக்கு அனுப்புங்கள்.