நடுவில் திரை போட்ட ஏரி

"ஏரித் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரி ஆகிவிடுகிறதே, அதற்குச் சலவைத்தூள்தான் காரணம் என்கிறார்கள். நிஜமா, கட்டுக்கதையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதே கேள்விக்காகக் கனடாவில் ஒரு முழு ஏரியையே இரண்டாகத் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

1960களில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே இருக்கும் ஈரி ஏரியில் (பெயரே அதுதான், அச்சுப்பிழை இல்லை) பாசி மண்டியது. பாசி செத்து மக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும், பள்ளியில் படித்ததுதான். சாக்கடையிலும் சலவைத்தூளிலும் வரும் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் சேர்மத்தைப் பலர் கைகாட்டினார்கள். உப்புத் தண்ணீரிலும் (கடின நீர்) அழுக்குப் போக வேண்டும் என்று தூளில் சேர்ப்பது அது. தூள் தயாரித்தவர்கள் தரப்போ, கார்பன்தான் குற்றவாளி என்றது.

1968இல் ஒன்டாரியோ மாகாணத்தின் காட்டுக்குள் சில ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளரின் குழு, 227 என்ற எண்ணுள்ள ஏரியில் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் மட்டும் போட்டது. கார்பன் துளியும் போடவில்லை. ஆனாலும் ஏரி பச்சையானது. வேண்டிய கார்பன் காற்றிலிருந்தே வந்துவிட்டது!

அப்புறம் 1973இல் 226ஆம் ஏரி. எட்டு போன்ற வடிவம். அதன் இடுப்பில் பிளாஸ்டிக் திரையைக் கட்டினார்கள். இரு பக்கமும் சர்க்கரை (கார்பனுக்காக), நைட்ரேட். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகப் பாஸ்பேட். சில வாரங்களில் அந்தப் பக்கம் பாசி பூத்தது, மறுபக்கம் தெளிவாகவே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் நூறு பக்க அறிக்கைக்குச் சமம்.

ஏன் பாஸ்பரஸ் மட்டும் இப்படி? பாசியின் உடம்பில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஏறக்குறைய 16 நைட்ரஜன், 106 கார்பன் அணுக்கள் இருக்கும். எடையில் கணக்குப் போட்டால் ஒரு கிராம் பாஸ்பரஸ் 40 கிராம் கார்பனை இழுத்துக்கொள்ளும். சரி, நைட்ரஜன் தீர்ந்தால்? இங்கேதான் எனக்குப் பிடித்த வித்தை வருகிறது. அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் கோத்த மணிமாலை மாதிரி இருக்கும், ஒவ்வொரு மணியும் ஒரு செல். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி அவற்றிடம் உண்டு. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். பாசியோ வெயிலில் ஆக்சிஜனைத் தயாரித்தபடியே இருக்கும் உயிர். அது என்ன செய்கிறது தெரியுமா? அந்த மணிமாலையில் பத்துப் பதினைந்து மணிகளுக்கு ஒரு மணி தன் ஆக்சிஜன் தயாரிப்பை நிறுத்திக்கொண்டு, தடித்த சுவருக்குள் புகுந்துகொள்கிறது. உள்ளே நைட்ரஜன் பிடிக்கும் வேலை மட்டும். பக்கத்து மணிகள் அதற்குச் சர்க்கரை ஊட்டுகின்றன, பதிலுக்கு நைட்ரஜன் போகிறது. அந்த மணிக்குத் திரும்பவும் பிளந்து பெருகும் வாய்ப்பு கிடையாது. நம் வயல்களில் அசோலா விடுகிறோமே, அதன் இலைக்குள் குடியிருப்பதும் இந்த வகைப் பாசிதான்.

ஆக, கார்பனும் நைட்ரஜனும் வானத்திலிருந்து கிடைத்துவிடும். பாஸ்பரஸுக்கு அப்படியொரு வாயு வழி இல்லை. பாறை, மண், உரம், கழிவு இவற்றிலிருந்துதான் வர வேண்டும். 1990 முதல் 227ஆம் ஏரியில் பாஸ்பரஸ் மட்டுமே போட்டார்கள். அப்போதும் பச்சைதான்.

கனடா 1970களின் தொடக்கத்திலேயே சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1972இல் இரு நாடுகளும் ஈரி உள்ளிட்ட பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஒப்பந்தம் போட்டன. இவ்வளவு பயன் தந்த சோதனை ஏரிகளுக்கான பணத்தை நிறுத்தப்போவதாக 2012இல் கனடா அரசே அறிவித்தது! 2014இல் ஒரு லாபநோக்கற்ற நிறுவனம் பொறுப்பேற்றுக் காப்பாற்றியது. ஏரி பதில் சொல்லப் பல பத்தாண்டு ஆகும், பட்ஜெட் போடுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

அதே 2014இல் ஈரி ஏரியில் மறுபடி நச்சுப்பாசி. கரையிலுள்ள டொலீடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்த முறை முக்கியக் காரணம் வயல்களிலிருந்து வழிந்த உரம். எனவே வாசகருக்கு என் பதில்: சலவைத்தூள் கதை இல்லை, நிஜம்தான். ஆனால் பாஸ்பேட் இல்லாத தூளுக்கு மாறினாலும் கழிப்பறைத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குப் போனால் பாசிக்குச் சாப்பாடு குறையாது; நம் சிறுநீரிலும் பாஸ்பரஸ் இருக்கிறது.